ஐந்தாவது வட்டம்

பதினோரு மணிக்குக் கம்பெனி வேன்
அனுப்பர்பாளையம் பிரிவில் இறக்கிவிட்டுப் போகும்.
கை நிறைய இன்னும் பனியன் பஞ்சு.
ஊதினால் போகாது, கழுவினால் போகும்.
அதற்குள் மூன்று கணக்குப் போட்டுவிடலாமென்று
கழுவாமலே உட்காருவேன்.

எட்டுப் பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையை
நாலு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?
புத்தகத்தின் கடைசிப் பக்கம் இருபது என்கிறது.
எங்கள் செக்கிங் செக்‌ஷனில்
நாலு பேர் நோம்பிக்குப் போனபோது
அதே பத்து நாள்தான் ஆனது.
கண்டெய்னர் தூத்துக்குடி போயே ஆகணும்.
மிச்ச நாலு பேருக்கு ஒன்றரை ஷிப்டு,
ராத்திரிக்குப் புரோட்டா.
புரோட்டாவைப் பெருக்க வாய்பாட்டில் வழியில்லை.
இருபதைத்தான் கருப்பாக்கினேன்.

ஒரு குழாய் பன்னிரண்டு நிமிடத்தில் தொட்டியை நிரப்பும்,
இன்னொன்று பதினைந்தில்.
எங்கள் லைன் வீட்டில் ஒன்பது நாளைக்கு ஒருக்காத் தண்ணி.
இரண்டு குழாய் ஒன்றாய்த் திறந்து
நான் பார்த்ததே இல்லை.
ஆனாலும் ஆறே முக்கால் அல்ல,
ஆறும் மூன்றில் இரண்டும் என்று
சுத்தமாய்ச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் ஏழெட்டுப் பேர் சேருவோம்.
சாயப்பட்டறை அர்த்தநாரி பொது அறிவியல் கேட்பான்.
மஞ்சள் காரத்தில் என்ன நிறம்? சிவப்பு.
எறும்புக் கடியில் எந்த அமிலம்? பார்மிக்.
நடுநிலை நீருக்கு பிஹெச்? ஏழு.
பட்டறைக் காகிதம் ஒன்று அவன் பையில் இருந்தது.
அதை நொய்யலில் நனைத்தால் என்ன நிறம் என்று
சென்னியப்பன் கேட்டான்.
“அது சிலபஸ்ல இல்லீங்க.”
காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

ஒருவன் வடக்கே ஐந்து கிலோமீட்டர் போகிறான்.
வலப்பக்கம் திரும்பிப் பன்னிரண்டு.
கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம்?
இதற்கு நான் படம் வரைவதில்லை.
கடைக்கு வழி கேட்டாலே
வடக்கால போயி கெழக்கால திரும்புங்க என்கிற ஊர் இது.
பதின்மூன்று.
போன தடவை எனக்கும் வேலைக்கும் நடுவே
ஒன்றரை மார்க்.
அந்தத் தூரத்தைத்தான்
இரண்டு வருசமாய் நடக்கிறேன்.

என் அப்பாவின் ஒரே மருமகனுடைய மகள்
எனக்கு என்ன உறவு?
நான் ஒற்றைப் பிள்ளை. விடை: மகள்.
அந்த மருமகன் இப்போதெல்லாம்
கேள்விக்குள் மட்டும் வந்து போகிறார்.

தாய்க்கு மகளைப் போல் ஐந்து மடங்கு வயது.
ஆறு வருசம் கழித்து மூன்று மடங்கு.
எக்ஸ் போடவில்லை, பேனாவே தொடவில்லை.
முப்பது, ஆறு.
பக்கத்தில் தர்ஷிகா
என் விடைத்தாள் மேல் கை போட்டுத் தூங்குகிறாள்.
ஆறு வருசம் கழித்து முப்பத்தாறு, பன்னிரண்டு.
மடங்கு குறைந்துகொண்டே வருமாம்.
எழுதியவருக்கு என்ன தெரியும்
இது எங்கள் வீட்டு ரேசன் கார்டு என்று.

அரசாங்கத் தாளில் ஐந்தாவதாய் ஒரு வட்டம் உண்டு.
விடை தெரியவில்லை.
சும்மா விட்டுவிடக் கூடாது,
தெரியாததையும் முழுசாய்க் கருப்பாக்க வேண்டும்.

“அப்பா எப்பம்மா வருவாங்க?”
தூக்கத்தில் பாதி கேட்கிறாள்.
சனிக்கிழமை என்றிருக்கிறேன்.
நோம்பிக்கு என்றிருக்கிறேன்.
லீவு விட்டால் என்றும்
சம்பளம் போட்டால் என்றும்.
“தெரியல கண்ணு.”
“செரி” என்று புரண்டு படுத்தாள்.
அவள் கை விலகிய இடத்தில்
மூன்று வட்டம் லேசாய் அழிந்திருந்தது.

எழுதி முடித்த பின் எண்ண வேண்டும்.
எத்தனை முதல் வட்டம், எத்தனை இரண்டாவது,
கடைசியில் எத்தனை தெரியவில்லை.
கூட்டினால் இருநூறு வரணும்,
வராவிட்டால் மார்க் போய்விடும்.

கூட்டினேன்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மணி ஒன்றே கால்.
காலையில் எட்டரைக்கு வேன் வந்துவிடும்.
எங்கோ ஒரு கேள்வியைத் தாண்டி வந்திருக்கிறேன்.
கையைக் கழுவிவிட்டு
முதலிலிருந்து எண்ணுகிறேன்.