தொட்டியின் எடை

நான் சட்டம் படித்தவள் அல்ல.
மீன் ஆலையில் எடை போடுகிறவள், பெயர் நவரானா.
மாதத்தில் சில நாள் இந்த ஊருக்கு நீதிபதியும் நான்தான்.

சிரிக்க வேண்டாம், கிரீன்லாந்தில் வழக்கம் அது.
கீழ் நீதிமன்றத்தில் நடுவில் ஒருவர்,
இருபுறமும் இருவர், மூவரும் ஊர்க்காரர்கள்.
இன்று வலப்பக்கம் பள்ளிச் சமையல்காரி பிபாலுக்,
இடப்பக்கம் உலோரியாக். இரவெல்லாம் அவர் நாய்க்குப் பிரசவம்,
கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பாடுபடுகிறார்.
அரசுக்காகப் பேசுவது ஊர்க் காவலர்.
மறுத்துப் பேசுபவர் அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவர்.
கறுப்பு அங்கி யாரிடமும் இல்லை.

தீர்ப்பு கசந்தால் நூக் நகருக்குப் போகலாம்.
படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.
அதற்கும் மேலே, கடல் தாண்டி, கோபன்ஹேகன்.
ஆனால் முதலில்
நேற்று என்னிடம் மீன் நிறுத்துப் போன காலணியோடேயே
என் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

பயிற்சிக்குப் போனபோது
புத்தகத்தில் ஒரு பட்டியலைத் தேடினேன்,
இன்ன குற்றத்துக்கு இத்தனை மாதம் என்று.
அப்படி ஒன்று இல்லை.
'தண்டனை' இருக்க வேண்டிய இடத்தில்
'நடவடிக்கை' என்று இருந்தது.
செய்ததைப் பார், செய்தவனையும் பார்,
நாளை அவன் எப்படி வாழ்வான் என்றும் பார்.
சிறைக்கே அனுப்பினாலும்
பகலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் உண்டு.
பட்டியல் இருந்திருந்தால்
நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இன்றைய வழக்கு:
மினிக், வயது இருபத்திரண்டு.
குடித்துவிட்டு அடுத்தவர் படகை எடுத்துப் போய்
பனிப்பாறையில் மோதியிருக்கிறான். விசிறி நொறுங்கிவிட்டது.
படகுக்காரர் பெயரைக் காவலர் படித்தார்.
யுவாகா.
பதினோரு வருடம் என் கணவராக இருந்தவர்.

பிபாலுக் என்னைப் பார்த்தாள்.
உலோரியாக் விழித்துக்கொண்டார்.
அந்தப் படகு மூழ்கித் தொலைய வேண்டுமென்று
ஒருமுறை நானே வேண்டியிருக்கிறேன்.
தலைகுனிந்து நின்ற பையன் மேல்
எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை.
சிக்கல் அதுதான்.

ஆலையில் முதலில் வெறும் தொட்டியை வைப்போம்,
அதன் எடையைக் கழித்துவிட்டுத்தான் மீன்.
இந்தத் தொட்டி எத்தனை கிலோ என்று
எனக்கே தெரியவில்லை.
எழுந்தேன். "இந்த வழக்கில் நான் உட்கார முடியாது"
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இனி பக்கத்து வட்டாரத்து நீதிபதி வர வேண்டும்.
அவர் வர ஹெலிகாப்டர் வர வேண்டும்,
அது வர மூடுபனி விலக வேண்டும்.
சட்டத்துக்கும் இங்கே வானிலைதான் மேலதிகாரி.

மறுநாள் காலை
மினிக் மீனோடு வந்து வரிசையில் நின்றான்.
அவன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி,
"எத்தனை மாதம் இருக்கும்?" என்றான்.

"அதை என்னிடம் கேட்கக் கூடாது" என்றேன்.
தொட்டியைக் கழித்தேன்.
"நாற்பத்தொரு கிலோ.
அடுத்தவர் வாங்க."