ஏழாவது நொடி

"ஷட்டர் சோக்கா அடிக்கும்பா,
டைமர் மட்டும் மூடு பாத்துதான் ஓடும்"
என்றார் பர்மா பஜார் தமீம் பாய்.
ரஷ்யக் கேமரா. செங்கல் கனம்.

கொருக்குப்பேட்டை வீட்டில்
கவிழ்த்த குண்டான் மேல் அதை உட்காரவைத்து
முகப்பின் குட்டி நெம்புகோலைக் கீழே இழுத்துப்
பொத்தானை அழுத்தினேன்.
கர்ரென்று கிளம்பி
ஏழாவது நொடியில் நின்றது,
சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி.

நகத்தால் தொட்டால் நகரும்.
கூட்ஸ் போனால் தொடாமலே நகரும்.
ராத்திரி இரண்டரைக்கு நிலக்கரி வண்டி அதிர
மிச்ச மூன்று நொடியையும் இருட்டில் ஓடிமுடித்து
டக் என்றது.
ஜான்சி எழுந்து உட்கார்ந்தாள்:
"எலியா?"

பிரிக்கும் முன்தான் கவனித்தேன்,
சுருட்டும் குமிழ் இறுக்கமாக இருந்ததை.
உள்ளே யாரோ விட்டுப்போன பிலிம்.

கழுவித்தர சௌகார்பேட்டை ஹஸ்முக்
பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார்.
அதற்குள் நான்
திருகுகளை முட்டை அட்டையில் வரிசை வைத்து
லைட்டர் பெட்ரோல் சொட்டுவிட,
டிகாஷன் நிறத்தில் இறங்கியது கிரீஸ்.
கூடவே ஒரு மணல்.
வால்வு கம்பெனியில் பிரஷர் கேஜ் பார்க்கிற கை இது.
முள் எங்கே தயங்கும் என்று தெரியும்.
இப்போது பத்து என்றால் பத்து.

பிலிமில் தேறியது நான்கு.
திருவொற்றியூர் பாறைகள்.
முதலாவதில், மிக அருகில், மங்கலாக
ஒரு நெற்றி, வளையல், நீண்டு வரும் விரல்.
நின்றுபோனதைத் தொட வந்திருக்கிறாள்.
அவளுக்குப் பின்னால் துல்லியமாக
ஐந்து பேர் சிரிக்கிறார்கள் அவளைப் பார்த்து.
ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
இரண்டாவதும் அப்படியே, வளையல் மட்டும் இன்னும் கிட்டத்தில்.
மூன்றாவதில் வரிசையே இல்லை.
பிரேக்டவுன் லாரியின் பானெட்டுக்குள் பார்ப்பதுபோல்
ஆறு முகமும் லென்சுக்குள்.
நான்காவது கறுப்பு.
எங்கள் வீட்டு இரண்டரை மணி.

ஞாயிறு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டி மேல் கேமரா.
ஓடிப்போய் ஜான்சி பக்கத்தில் நின்றேன்.
பத்தாவது நொடியில் அடித்தது.
ரேஷன் கார்டு முகம் இரண்டு, பார்க்காமலே தெரியும்.

"இன்னொண்ணு எடு" என்றாள்.
வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தவள்
ஏழு வந்ததும்
என்னை விட்டுவிட்டு நடந்தாள்
நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நோக்கி,
விரலை நீட்டியபடி.

கீழே முட்டை அட்டையில்
ஒரு திருகு மிச்சமிருக்கிறது.
எந்த இடத்துடையது என்று தெரியவில்லை.