மாதிரி எண் 0613

புந்தா அரேனாஸில் காற்று தெருவைக் காலி செய்துவிடும்.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள
மூலைக்கு மூலை கயிறு கட்டியிருக்கிறார்கள்.
நான் பிடிப்பதில்லை.
"மிர்த்தாவைக் காற்று தூக்காது"
இது ரொட்டிக்கடை ஓயார்சோவின் இருபது வருட நகைச்சுவை.
நானும் இருபது வருடமாய்ச் சிரிக்கிறேன்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எனக்கு வேலை.
மேலே வெட்டி எடுத்ததை மெழுகில் புதைத்து
முடியைவிட மெல்லிசாய்ச் சீவி
கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும்.
கொழுப்பு வந்தால் மட்டும் ஒரு வேடிக்கை:
மெழுகு ஏறுமுன் ஊற்றும் திரவம்
அத்தனை கொழுப்பையும் கரைத்துக் குடித்துவிடும்.
மிஞ்சுவது சுவர்கள்.
குடியிருந்தவர் போன பிறகு
வீட்டை வைத்து ஆளைச் சொல்லும் பிழைப்பு.

மார்ச்சில் என் பித்தப்பையை எடுத்தார்கள்.
"ஆய்வுக்கு ஒரு கிள்ளு எடுத்துக்கொள்ளட்டுமா,
தோலடியில் ஒன்று, குடல்மேல் ஒன்று?
பெயர் இருக்காது, எண் மட்டும்தான்"
என்றார் டாக்டர் மிமிக்கா.
எண் போடுகிறவளே நான்தான் என்பதை
இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

வியாழன் இரவு
0613ஐ வெளிச்சத்தின் மேல் வைத்தேன்.

தோலடித் துண்டு பரவாயில்லை.
குடல்மேல் துண்டில்
அறைகள் ஊதிப்போய் ஒன்றையொன்று நெருக்கின.
கொழுப்பெடுத்தவள் என்று பேர் வாங்கியவள் நான்.
இதில் திமிர் எங்கே இருக்கிறது?
வந்த மூட்டையையெல்லாம்
மறுபேச்சில்லாமல் வாங்கி வாங்கி
விம்மி நிற்கிற ஒரு கிடங்குக்காரன்தான் தெரிகிறான்.
அறை பெருத்தது, காற்று வரும் வழி பெருக்கவில்லை.
மூச்சுமுட்டிச் செத்திருந்தது ஒன்று.
அதைச் சுற்றி
வளையமாய் உட்கார்ந்திருந்தன ஊதாப் புள்ளிகள்,
துப்புரவுக்கு வந்த அணுக்கள்.
பாடப்புத்தகம் இதைக் கிரீடம் என்கிறது.
எனக்கு இழவு வீடாய்ப் பட்டது.
வந்தவர்கள் எழுந்து போகாத இழவு வீடு.

அவர்கள் போடும் சத்தம்
சுவர் தாண்டி உடம்பெல்லாம் கேட்கிறது.
சர்க்கரையை உள்ளே விடச் சொல்லி
இன்சுலின் வந்து தட்டும் தட்டல்
அந்த இரைச்சலில் தசைக்குக் கேட்பதில்லை.
கிடங்கு கொள்ளாமல் வழிந்தது
நேரே கல்லீரலில் போய் இறங்குகிறது.
இதயத்தின் மேலும் யாரோ ஒரு மூட்டையை
இறக்கி வைத்திருக்கக் கூடும்.

அக்கா நெல்டாவும் நானும் ஒரே எடை.
ஒரே அடுப்பு, ஒரே ஆட்டுக்கறி,
மழைநாளில் பொரித்த அதே மாவு வட்டுகள்.
அவளுக்குச் சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை,
செப்டம்பர் விழாவில் மூச்சு வாங்காமல் ஆடுகிறாள்.
இடம் போதாவிட்டால் அவள் உடம்பு
புதிதாய்ச் சின்ன அறை கட்டிக்கொள்கிறது.
என் உடம்பு பழைய அறையிலேயே திணிக்கிறது.
ஏன் என்று கேட்டால்
டாக்டர் தோளைக் குலுக்குகிறார்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள்,
கன்னத்தில்கூடக் கொழுப்பில்லாதவள்,
பிறவியிலேயே கிடங்கு வாய்க்காதவள்.
அவள் கல்லீரல் துண்டு
நிறைய வெள்ளை ஓட்டைகளோடு
கண்ணாடியில் கிடந்தது.
அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

கிரீடங்களை எண்ணினேன். பதினொன்று.
பத்து என்று எழுதலாமா என ஒரு நிமிடம் தோன்றியது.
பதினொன்று என்றே எழுதினேன்.

காலையில் ஓயார்சோ
கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கடை திறக்க வந்தான்.
குச்சிக் கால்கள். குச்சிக் கைகள்.
பெல்ட்டுக்கு மேல்
கல் மாதிரி முட்டிக்கொண்டு ஒரு வயிறு.
இருபது வருடத்தில் இன்றுதான் அதைப் பார்க்கிறேன்.

"ரத்தம் சோதித்துப் பார்த்தாயா?"

"எனக்கா?" என்று சிரித்தான்.
சூடாய் நாலு ரொட்டியைச் சுற்றித் தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.
"உனக்குத்தான்" என்றேன்.
கதவைக் காற்று அறைந்து சாத்தியது.
அவன் காதில் விழுந்ததா, தெரியவில்லை.