ஆரல்வாய்மொழி, இரண்டாம் சுற்று

சனிக்கிழமை மாலை கிளட்ச் கேபிள் அறுந்தது.
பாதி இறங்கிய ஷட்டருக்குள் தலையை விட்டு
வடசேரியில் வாங்கி வந்தான் ஜெபின்.

போகும்போது கணவாய்க் காற்று தள்ளிவிடும்.
திரும்பினால் அதே காற்று
பானெட்டில் கைவைத்து மறிக்கும்.

ஞாயிறு, முதல் சுற்றில் மூன்றாமிடம்.
"லேய், கப்பு நமக்குத்தாம்!"

இரண்டாம் சுற்று.
கடைசி வளைவு, செம்மண்,
வானம் எந்தப் பக்கமென்று தெரியவில்லை.
என்ஜின் அணைந்த பிறகும்
தலைகீழ் வண்டிக்குள்
சாப்பாட்டுத் தூக்கு மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

ஆறுபேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.
ஹாரன் நிற்கவேயில்லை.

நாளை இதே எஸ்டீமில்
குலசேகரத்து ரப்பர் ஷீட் ஏற்ற வேண்டும்.
அத்தானிடம் என்ன சொல்ல?

தோவாளை வரை பேச்சில்லை.
கண்ணாடியில்லா முகப்பில் பூச்சிகள் வந்து மோதின.
ஒன்றைத் துப்பிவிட்டு
ஜெபின் சொன்னான்:
"அந்த வளைவ
செகண்டுல எடுத்திருக்கணும்."