தசம் எட்டு

அட்டை கடிக்கையில் வலிப்பதில்லை.
மஸ்கெலியாவுக்கு மேலே, எட்டாம் நம்பர் மலையில்
இருபத்திரண்டு வருசமாய்க் கொழுந்து நிறுக்கிற நான்
இதை மட்டும் உறுதியாய்ச் சொல்வேன்.
தூறல் பட்ட மாதிரிகூட இருக்காது.
அது குடித்து, உருண்டு, தானாய் விழுந்த பிறகுதான்
காலுறை நனைந்தது தெரியும்.

பாம்பாய் வந்திருந்தால் கத்தியிருப்பேன்.
கவாத்துக் கத்தியோடு நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்.

விடியற்காலை முழங்காலிட்டேன்.
பெரிய பாவங்களிலிருந்து காத்தருளும் என்றேன்,
பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக.
தசமங்களைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

தசமம் என்றால் இதுதான்:
தராசில் ஐந்து தசம் எட்டு என்று சிவப்பாய் நடுங்கும்.
புத்தகத்தில் ஐந்து.
ஆறு தசம் ஏழு, புத்தகத்தில் ஆறு.
ஈரத்துக்கு, படங்குக்கு, வழக்கத்துக்கு.
யாரும் கேட்பதில்லை, குளிரில் விரல் மரத்தவர்கள்
கொட்டிவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள்.
சிந்திய தசமங்கள் லொறியில் ஏறும்,
ஃபேக்டரியில் கிலோக்களாய் இறங்கும்.
மாசக் கடைசியில் வெளிக்களத்து ஐயா
தோளில் தட்டி ஒரு கவர் தருவார்.
அதற்குப் பெயர் சந்தோசம்.

முதல் வருசம் அது ஒரு பாக்கெட் தேயிலைத் தூள்தான்.
வேண்டாம் என்றால் மரியாதையாய் இருக்காது என்று வாங்கினேன்.
பிறகு மகனின் டியூசன்,
பிறகு ரூபியின் கண்ணாடி.
ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு பிடிப்பவனும் நான்தான்.
அந்தக் கவரிலிருந்தே நூறு ரூபாயை
மடித்துத் தட்டில் வைத்திருக்கிறேன்.
நோட்டுக்கு வாசனை இல்லை.

இன்று நாலரை மணி, கடைசி நிறுவை.
முள்முருங்கையில் தொங்கும் தராசைச் சுற்றிப் புகார்.
பேச்சியம்மா கூடையைக் கவிழ்த்தாள்.
ஆறு தசம் எட்டு.
காலையில் ஐந்து, மத்தியானம் ஆறு என்று எழுதியிருந்தேன்.
இப்போது ஆறு போட்டால் பதினேழு.
பதினெட்டு இல்லாவிட்டால் அரைப்பேர்.
பேனா ஆறின் வளைவைப் போட்டுவிட்டது,
கைக்குப் பழக்கம், என்னைக் கேட்பதில்லை.

'கணக்கப்புள்ள, காலுல பாருங்க.'

பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே
திராட்சை அளவுக்கு ஊதிக் கறுத்து
நிம்மதியாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.
எப்போது ஏறியது?
அவள் இடுப்பு முடிச்சிலிருந்து உப்பெடுத்துக்
குனிந்து தடவினாள்.
அது சுருண்டு விழுந்தது.
என் ரத்தம் கொஞ்சம் அவள் விரலில்.
படங்கில் துடைத்துக்கொண்டு
அடுத்தவளுக்கு வழி விட்டாள்.

'நில்லு' என்றேன்.
மூன்றையும் அடித்தேன்.
ஐந்து தசம் எட்டு, ஆறு தசம் ஏழு, ஆறு தசம் எட்டு.
பத்தொன்பது தசம் மூன்று, முழுப்பேர்.
பிறகு வரிசையில் நின்ற முப்பத்தொரு பேரையும்
காலையிலிருந்து திரும்ப எழுதினேன்,
தராசுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து.
லொறிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
நேற்றுகளுக்கு என்னிடம் சீட்டு இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
கோயில் திருப்பத்தில் இறங்கும்போது
நெஞ்சு லேசாய் விரிந்திருந்தது.
ரூபியிடம் எப்படிச் சொல்வது,
எந்த இடத்தில் நிறுத்தி மூச்சுவிடுவது,
ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தால்
முதல் வரி என்ன.
கேட்பவர்கள் முகங்களைக்கூடப் பார்த்துவிட்டேன்.

அதுவும் வலிக்கவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.
கடிவாய் மூன்று நாளைக்கு அரிக்கும்.
நாளைக்கு வெளிக்களத்து ஐயாவின் மோட்டார் சைக்கிள் வரும்,
கேள்வி வரும், கவர் வராது,
பத்து மணிக்குத் தராசு மறுபடி நடுங்கும்.
ரூபி தூங்கிய பிறகு டோர்ச்சை எடுத்துக்
கால்விரல் இடுக்குகளை
ஒவ்வொன்றாய் விரித்துப் பார்க்கிறேன்.
பிறகுதான் முழங்காலிடுகிறேன்.