பதினேழாம் நம்பர் காடு

தேயிலை நட்ட சரிவைத்தான்
இங்கே காடு என்போம்.
ஏழாம் நம்பர் காடு, பதினேழாம் நம்பர் காடு.
மரங்கள் தாமாக நிற்கும் இடத்துக்குப் பெயர் சோலை.
அது கம்பிக்கு அப்பால்,
அட்டைக்கும் யானைக்கும்.

பதினொரு வருடம் என் முதுகில் டேங்க்.
ஒரு டேங்குக்கு இரண்டு மூடி மருந்து.
பூம்புல்லு, மூக்குத்தி, பெரணி,
வரிசைக்குள் தலைநீட்டிய எந்தக் கன்றும்
எனக்குப் பெயர் சொல்லிவிட்டுத்தான் செத்தது.
எது மூன்றாம் நாள் மஞ்சளாகும்,
எது வேரில் ஒளிந்து மறுபடி வரும்,
எதற்கு மூடியைக் கூட்ட வேண்டும்.
படித்து வந்ததல்ல.

குத்தகை முடிந்தது.
மலக்கப்பாறைப் பக்கம், எல்லைக்கல் நடுவில் நிற்கும்
பதினேழைக் கம்பெனி கைகழுவியது.
கவ்வாத்து இல்லாத முதல் மழை.
இரண்டாம் மழையில் தேயிலை இடுப்பைத் தாண்டியது.
நான்காம் மழையில் அண்ணாந்து பார்த்தேன்:
செடி செடி என்று வெட்டியே வைத்திருந்தது
மரமாம்.
கொப்பு கொப்பாய் வெள்ளைப் பூ.
இருபது வருடம் கொழுந்தெடுத்த சூசைமேரி
யார் நட்டது இது என்றாள்.

ஐந்தாம் மழைக்கு
சாலக்குடியிலிருந்து ரெஹானா வந்தாள்,
நைலான் கயிறும் ஆணிகளுமாய்.
மீட்டருக்கு மீட்டர் சதுரம், நாற்பது கட்டம்.
உள்ளே முளைத்ததை எண்ணி எழுத எனக்குத் தினக்கூலி.
கசாப்புக்காரனை ஆடு மேய்க்க விட்டிருக்காங்க
என்று சிரித்தான் மிக்கேல்.
சரிதான்.
ஆனால் ஆட்டின் பல்லை
அவனளவு பார்த்தவன் யார்?

மரமேறிப் போர்த்திக் கழுத்தை நெரிக்கும் கொடி ஒன்று.
எங்களுக்கு அது வெறும் கொடி.
அவள் ஊரில் திருதராஷ்டிரப் பச்சை.
தழுவினால் விடாதாம்.
அதை மட்டும் அறுக்கச் சொன்னாள்.
மற்றதையெல்லாம் சும்மா விடச் சொன்னாள்.
கை சும்மா இருக்கப் பழக
எனக்கு ஒரு வருடம் ஆனது.

எல்லாவற்றுக்கும் முந்தி எழுந்தது வட்டக்கண்ணி.
குடையளவு இலை, அவசரக்காரன்.
அதன் நிழலில் உண்ணிச்செடி வெளிறிப்போனது.
ஏழாம் வருடம் குனிந்து எண்ணினேன்.
வட்டக்கண்ணியின் கீழே வட்டக்கண்ணிக் கன்று:
பூஜ்யம்.
அதன் நிழல் அதன் பிள்ளைக்கே ஆகாது அண்ணா,
வேறு யாருக்கோ போடுகிற பந்தல்
என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.
என் மகன் திருப்பூரில், மிக்கேல் மகள் ஓசூரில்.
லயத்தில் பதினாறு கதவு,
பத்தில் பூட்டு.

போன ஜூலையில் ஜீப்புகள் வந்தன.
பேனர், பந்தல், ஐயாயிரம் சில்வர் ஓக்.
போட்டோவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று
வட்டக்கண்ணிகளைச் சாய்த்தார்கள்.
பதினொன்று முதல் பதினாறு வரை கட்டங்கள்
நாற்காலிக்கடியில்.
நோட்டில் எழுதினேன்:
மரம் நடும் விழா. எண்ண ஒன்றுமில்லை.
ரெஹானா அதை அடிக்கச் சொல்லவில்லை.

எல்லைக்கல்லின் தலையில்
ராத்திரிதோறும் மரநாய் இருந்துவிட்டுப் போகும்.
இரண்டு சர்க்காருக்கும் பொதுவாக.
மழை அதைக் கரைத்துக் கரைத்துக்
கல்லடியில் சேர்த்திருந்தது.
இருபத்திரண்டாம் கட்டம் அங்கேதான்.

இன்று காலை
பட்ட இலைகளுக்கு நடுவே
செம்பு நிறத்தில் இரண்டே இரண்டு இலை.
விரல் நீளம்கூட இல்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன்.
நுனியைத் தொட்டுப் பார்த்தேன், மோந்து பார்த்தேன்.
ரெஹானா போட்டோ எடுத்து,
பெரிதாக்கி,
உதட்டைப் பிதுக்கினாள்.

பதினொரு வருடத்தில்
ஒருமுறையும் என் வழியில் வராதது.
இதை நான் கொன்றதில்லை.

பெயர்: தெரியாது.
எண்ணிக்கை: ஒன்று.