ஒன்பதாவது கீற்று

ஷியாமொலி நடைமேம்பாலக் கைப்பிடியில்
சணல் கயிறு போட்டுக் கட்டிய கேமரா
மூன்று நாள் பார்த்ததை
மூன்று மாதமாக நான் பார்க்கிறேன்.

திரையில் மிர்ப்பூர் சாலையை நெடுக்காகக் கீறியிருக்கிறேன்,
அரை மீட்டருக்கு ஒன்றாய் இருபத்திரண்டு கீற்று.
எந்த வண்டி எந்தக் கீற்றில் போகிறது
என்று எழுத வேண்டும். அதுதான் வேலை.
மாநகராட்சியின் வெள்ளைக் கோடு மூன்று தடம் என்கிறது.
கோட்டின் பேச்சை
கோடு போட்டவனின் சைக்கிளே கேட்பதில்லை.

முதல் கீற்றில் சாக்கடைத் தண்ணீர்,
கொய்யா விற்கும் மொஃபிஸூல்.
ரிக்ஷா இரண்டிலிருந்து ஆறு வரை; துணிந்தவை பத்து வரை.
பச்சை சிஎன்ஜி எங்கும்.
எங்கே என்று கேட்டால், எங்கும்.
பைக்குக்குக் கீற்றே கிடையாது,
இரண்டு பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே
மிச்சமிருப்பதுதான் அதன் சாலை.
பேருந்து பதினைந்தில் வரும்,
யாராவது கையைக் காட்டினால் மூன்றில் நிற்கும்,
இடைப்பட்டதையெல்லாம் உடம்பால் அடைத்துக்கொண்டு.
அதன் விலாவில் பெயிண்ட் இல்லை.
மற்ற பேருந்துகள் எடுத்துக்கொண்டன.

அத்தனையும் கூட்டி வரைந்தால்
கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு மேடு.
செவ்வாய் மாலை மட்டும்
மேட்டின் நடுவில் பல் விழுந்திருந்தது.
ஒன்பதாவது கீற்றில் யாருமே இல்லை.
இந்த ஊரில் அரை மீட்டர் காலியிருந்தால்
அதில் ஒருவன் வெள்ளரி விற்பான்.

கணினி சிவப்பில் கேட்டது: பிழையா, நீக்கவா?

பின்னோக்கி ஓட்டினேன்.
நாலு பதினொன்று. மெத்தை ஏற்றிய வேன் ரிக்ஷா
திடுக்கிட்டு நிற்கிறது, முன்சக்கரம் விளிம்பில்.
பாதாளச் சாக்கடைக்கு மூடி இல்லை.
காலைப் படத்தில் இருந்தது.
மதியம் இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.
ஓட்டுகிறவர் இறங்குகிறார். பின்னால்
மொத்த மிர்ப்பூரும் ஹாரன் அடிப்பது
ஒலியில்லாத படத்திலும் கேட்கிறது.
சரியும் மெத்தையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு
அதற்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலையே உருவிக்
குழிக்குள் நட்டு,
தோளில் கிடந்த சிவப்புக் கட்டத் துண்டை நுனியில் முடிந்து,
ஒருதரம் ஆட்டிப் பார்த்து,
ஏறி மிதித்துப் போய்விட்டார்.
நாற்பத்தொரு வினாடி. முகம் தெரியவில்லை.

இருட்டும்வரை
பேருந்தும் ஆம்புலன்ஸும் பள்ளி வேனும்
அந்தத் துண்டுக்கு இரு பக்கமும் பிரிந்து போயின.
எட்டிலும் பத்திலும் நெரிசல் தாங்கவில்லை.
ஒரு கண்ணாடி உடைந்தது,
இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்,
துண்டை மட்டும் யாரும் உரசவில்லை.

படிவத்தில் வண்டி வகைகள் உண்டு:
ரிக்ஷா, பைக், சிஎன்ஜி, லெகுனா, பேருந்து, லாரி, பிற.
'பிற'வில் ஒன்று என்று எழுதினேன்.
வேகம் பூஜ்யம்.
நிறம் கேட்கவில்லை. அதையும் எழுதினேன்.

புதன் காலைப் படத்தில் புது சிமெண்ட் மூடி,
மூங்கிலும் இல்லை, துண்டும் இல்லை.
ஆனாலும் பத்து மணி வரை
ரிக்ஷாக்கள் அந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் விலகியே போகின்றன.